பர்மா தேக்குப் பலகையில் நினைவுப் பெட்டி: சிஎன்சி செதுக்கு மூடியில் சரியாக வர என்ன செய்யலாம்?

பள்ளத்தூர் வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது உள்கட்டை, பங்காளிகள் சேர்ந்து பிரித்துவிட்டோம். ஓடு நழுவி, மழைத் தண்ணீர் உத்தரத்துக்குள் இறங்கி, இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. தூணும் கதவும் மற்றவர்கள் பங்குக்குப் போயின. நான் கேட்டு வாங்கியது ஒரே ஒரு பரண் பலகை. பர்மா தேக்கு, நாலடி நீளம், ஒன்பது இன்ச் அகலம், ஒன்றேகால் இன்ச் கனம்.

தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். இந்தப் பலகையில் ஒரு பெட்டி செய்து அவளுக்குக் கொடுக்க வேண்டும். நகைக்காக இல்லை. நகை எப்படியும் லாக்கருக்குப் போய்விடும். அப்பத்தா, ஐயா கல்யாணத்து இசைகுடிமானம் (கல்யாணத்தில் எழுதுகிற ஒப்பந்தப் பத்திரம்), ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடுதாசிகள், அப்பத்தாவின் மூக்குக்கண்ணாடி, ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ், இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற ஒரே படம் எல்லாம் இதற்குள் இருக்க வேண்டும். 1964-ல் பர்மாவை விட்டு வரும்போது ஐயா கையில் கொண்டு வந்தது அநேகமாக இந்தக் காகிதங்கள் மட்டும்தான். இத்தனை வருஷமும் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன.

முகப்பு வாசல் நிலை இன்னும் நிற்கிறது. அதற்கு மேலே உள்ள செதுக்குப் பலகை நாலடி அகலம். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, அப்புறம் அன்னம், கொடி, ஓரத்தில் தாமரை வரிசை. அது முழுவதும் மூடியில் வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு சிஎன்சி (கணினி ஓட்டுகிற செதுக்கு மெஷின்) கடையில் போனில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். அதை அப்படியே கணினியில் ஏற்றி, எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) துண்டில் மாதிரி ஓட்டிக் காட்டினார்கள். லட்சுமியின் ஒரு கன்னம் உப்பி, மறு கன்னம் குழிந்து போயிருந்தது. தும்பிக்கையும் கலசமும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தன. கொடியில் இலை எது, இடைவெளி எது என்றே தெரியவில்லை. "எம்டிஎஃப் அப்படித்தான், தேக்கில் நன்றாக வரும்" என்கிறார்கள்.

என்னிடம் இருப்பது இந்த ஒரு பலகைதான். போனால் வேறு கிடையாது. கோளாறு படத்திலா, மெஷினிலா? எந்த பிட் (மெஷினில் மாட்டுகிற வெட்டு முனை) கேட்க வேண்டும்? மூடி பின்னால் வளைந்து போகுமா? பெட்டியின் மூலைகளையும் மெஷினிலேயே வெட்டிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கழனிவாசல் ரவுட்டர் எழுதியது:

தம்பி, பலகையை இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். எம்டிஎஃப்பில் வராத முகம் தேக்கிலும் வராது. நார் ஓட்டம் இல்லாத எம்டிஎஃப்பில்தான் மெஷின் தன் வேலையைச் சுத்தமாகக் காட்டும்.

கோளாறு படத்தில்தான். போன் படத்தை நேராக ஏற்றினால், மென்பொருள் வெளிச்சத்தை மேடு என்றும் கறுப்பைப் பள்ளம் என்றும் எடுத்துக்கொள்ளும். உங்கள் முகப்பில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். வெளிச்சம் பட்ட கன்னம் உப்பியது, நிழல் விழுந்த கன்னம் குழிந்தது. படத்தில் உயரம் என்ற தகவலே கிடையாது. அந்தத் தகவல் இருக்கிற எஸ்டிஎல் கோப்பு வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஆஸ்பயர் மாதிரி மென்பொருளில் ஒருவர் உட்கார்ந்து இதழ் இதழாக வரைந்து உயர்த்துவது. இன்னொன்று, செதுக்கைச் சுற்றிப் பல கோணங்களில் படம் எடுத்து அதிலிருந்து முப்பரிமாண உருவம் எடுப்பது. மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் போதும். காலையில் வெயில் ஏறும் முன் எடுங்கள், பிளாஷ் வேண்டாம். ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் முக்கால் பங்கையாவது மறுபடி காட்ட வேண்டும். ஓரமாக ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து எடுங்கள். அது இல்லாவிட்டால் அளவு என்னவென்று மென்பொருளுக்குத் தெரியாது.

ஆனால் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எஸ்டிஎல் எவ்வளவு நன்றாக வந்தாலும் அந்த நாலடிப் பலகையை ஒன்பது இன்ச் மூடிக்குள் கொண்டுவராதீர்கள். கணக்குப் பாருங்கள். நாலடி என்பது ஏறக்குறைய 1200 எம்எம். மூடியில் செதுக்குக்குக் கிடைப்பது 225 எம்எம். ஐந்து மடங்குக்கு மேல் சுருங்குகிறது. நிலையில் ஆசாரி 3 எம்எம் அகலத்தில் போட்ட கீற்று, மூடியில் அரை எம்எம்தான். நுண்வேலைக்கு நாங்கள் போடுகிற கூம்பு பிட்டின் நுனி 1 எம்எம். அது அரை எம்எம் பள்ளத்துக்குள் இறங்காது, மேலாகத் தடவிக்கொண்டு போய்விடும். உங்கள் கலசம் தும்பிக்கையோடு ஒட்டியது இதனாலும்தான். இதைவிட மெல்லிய பிட் இருக்கிறது. ஆனால் தேக்கில் மணல் சத்து உண்டு, முனையைத் தின்னும். பாதி வேலையில் நுனி உடைந்தால் மூடி போயிற்று.

என் அப்பா கோயில் கதவு, வாகனம் எல்லாம் செய்த ஆசாரி. சின்னச் சாமானுக்குப் பெரிய வேலையைச் சுருக்க மாட்டார். பெரிய வேலையிலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பார். அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன். நிலையில் உள்ள ஒரு தாமரையை, ஒரே ஒரு தாமரையை, அதே அளவில், அதே ஆழத்தில் மூடியின் நடுவில் வையுங்கள். சுற்றிலும் வெறும் மரம் இருக்கட்டும்.

ஏணி போட்டு ஏறி அந்தத் தாமரையை விரலால் தடவிப் பாருங்கள். இதழின் நடு கொஞ்சம் குழிந்திருக்கும். ஓரம் மட்டும் மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழுக்கு அடியில் போகிற இடத்தில், உளியை நிறுத்தி எடுத்த செங்குத்தான ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டில் விழுகிற கறுப்பு நிழல்தான் பூவைத் தூக்கிக் காட்டுகிறது. சுருக்கினால் முதலில் சாகிறது அந்த நிழல்தான். அதே அளவில் வைத்தால் அது பிழைத்துக்கொள்ளும். உங்கள் அப்பத்தா தினமும் எந்தப் பூவின் கீழே நடந்தாரோ அதே பூ, அதே அளவில், தங்கச்சியின் உள்ளங்கைக்குக் கீழே இருக்கும்.

மெஷின் விவரம் சொல்கிறேன், கடையில் இப்படியே கேளுங்கள். முதலில் 6 எம்எம் எண்ட்மில்லில் (முனை தட்டையான பிட்) அரை எம்எம் மிச்சம் வைத்து முரட்டு வெட்டு. அப்புறம் நுனி 1 எம்எம் உள்ள கூம்பு பால்நோஸ் (நுனி உருண்டையான பிட்). ஸ்டெப்ஓவர், அதாவது ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடைவெளி, 0.2 எம்எம். அந்த அளவில் வரிக்கு வரி நிற்கிற மேடு 0.01 எம்எம்தான், உப்புத்தாளுக்கே வேலை இருக்காது. 110 எம்எம் சதுரத்துக்குள் பூ அடங்கினால் 550 ஓட்டம். நிமிஷத்துக்கு 2000 எம்எம் வேகத்தில் அரைமணி என்று கணக்கு வரும். வளைவுகளில் மெஷின் தானாக வேகம் குறைக்கும், அதனால் ஒரு மணிநேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "0.5 வைத்துச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மேடு ஆறு மடங்காகிவிடும், அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இதழின் வரப்பு எல்லாம் மழுங்கும். பிட் நகரும் திசை நார் ஓடுகிற திசையிலேயே இருக்கட்டும். அப்போது மிச்ச வரிகள் மரத்தின் ரேகையோடு கலந்துவிடும். பிட் கார்பைடுதான், அதுவும் புதியது. பழைய பிட் என்றால் இதழ் முனைகள் பிய்யும்.

பரண் பலகை என்கிறீர்கள், ஆணி இல்லாமல் இருக்காது. தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி, பலகை முழுக்க மெதுவாக ஓட்டுங்கள், இழுக்கிற இடத்தில் சாக்பீஸ் குறி போடுங்கள். தேக்கில் இரும்பு இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கறை இருக்கும், அதையும் பாருங்கள். சுண்ணாம்பும் மணலும் ஒட்டியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும்.

மூலைகள் பற்றி: இரண்டு பலகையின் முனையையும் விரல் கோத்த மாதிரி பல் பல்லாக (விரல் பூட்டு) மெஷினில் வெட்டலாம். பிட் உருண்டை என்பதால் உள்மூலை எல்லாம் வட்டமாகத்தான் நிற்கும், உளியால் சதுரம் எடுக்க வேண்டும். எடுத்தால் நன்றாகவே பிடிக்கும்.


தேவகோட்டை இழைப்புளி எழுதியது:

கழனிவாசல் அண்ணன் பூவைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. விரல் பூட்டை மட்டும் நான் ஒப்பமாட்டேன். பக்கவாட்டில் பார்த்தால் பிஸ்கட் அடுக்கிய மாதிரி வெட்டு முகம் வரிசையாகத் தெரியும். மூடியில் ஒரே ஒரு பூ, சுற்றி வெறும் மரம் என்று வைத்துவிட்டு மூலையில் அவ்வளவு சத்தம் எதற்கு? நாற்பத்தைந்து டிகிரி சாய்வு வெட்டி ஒட்டி, காய்ந்த பிறகு மூலையின் குறுக்கே வாள் போட்டு மெல்லிய தேக்குச் சீவல் சொருகுங்கள். விடாது.

இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் பலகைக்கு ஒரு கணக்குப் போட்டேன். நாலடியில் முதலில் 250 எம்எம் நீளத்துக்கு மூடிப் பலகையை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 965 எம்எம் சொச்சம். அதை நீளவாக்கில் 100 எம்எம் அகலத்துக்கு இரண்டு பட்டையாகக் கிழித்து, ஒரு பட்டையை பேண்ட்சாவில் (பட்டைவாள் மெஷின்) கனத்தில் இரண்டாகப் பிளந்தால், இழைத்த பிறகு 13 எம்எம் கனத்தில் இரண்டு பலகை கிடைக்கும். வெளியளவு 280-க்கு 180 என்றால் சுற்றளவு 920. வாள் தின்பது போக, ஒரே பலகையில் நாலு பக்கமும் அடுத்தடுத்து வந்துவிடும். ரேகை முன்பக்கத்தில் தொடங்கி மூலை திரும்பி, பக்கவாட்டில் ஓடி, பின்பக்கம் போய், கடைசி மூலையில் மட்டும்தான் அறும். பார்க்கிறவர்கள் ஏன் அழகாக இருக்கிறது என்று தெரியாமலே அழகு என்பார்கள். பலகையின் முனை உளுத்திருந்தால் பெட்டியைக் கொஞ்சம் குறுக்குங்கள், இந்தத் தொடர்ச்சியை மட்டும் விடாதீர்கள்.

மூடி வளைவதைக் கேட்டீர்கள். மேல்பக்கம் மட்டும் 6 எம்எம் தோண்டினால் இரண்டு முகத்துக்கும் ஈரம் ஒரே மாதிரி ஏறி இறங்காது. பழைய பர்மா தேக்கு அவ்வளவு ஆடாது, இருந்தாலும் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே 150 எம்எம் அகலத்தில் அரை எம்எம்மிலிருந்து ஒரு எம்எம் வரை ஏறி இறங்கும். அதனால் செதுக்கிய பலகையை நாலு பக்கச் சட்டத்துக்குள் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதற்குள் விடுங்கள். காடிக்குள் பசை போடவே கூடாது. பக்கத்துக்கு ஒரு எம்எம் இடம் விடுங்கள். நம் வீட்டுக் கதவுகளில் சட்டத்துக்கு நடுவே தில்லாப் பலகை நிற்பது இப்படித்தான். செதுக்கி முடித்ததும் அன்றைக்கே சட்டத்தில் ஏற்றாமல், காற்றுப் படும்படி கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுகிற முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த கையோடு பசை போட வேண்டும். கீல் பித்தளையில் வாங்குங்கள், திருகும் பித்தளை. பித்தளைத் திருகு தேக்கில் முறுக்கினால் கழுத்து ஒடியும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாதை எடுத்துவிட்டு, அப்புறம் பித்தளையைக் கையால் ஏற்றுங்கள்.

லட்சுமி வேண்டாம் என்பதற்கு என் தரப்பில் ஒரு காரணம். மூடியில் சாமி இருந்தால் ஒவ்வொரு தடவையும் முகத்தில் கை வைத்துத்தான் திறக்க வேண்டும். மேலே ஒரு சாமான் வைக்கவும் மனசு வராது. நிலைக்கு மேலே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.


கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

தம்பி, எல்லோரும் பெட்டிக்கு வெளியே பேசிவிட்டார்கள். உள்ளே வைக்கப்போகிறதைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் ரங்கூன், பினாங்குக் கடுதாசிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து அடுக்கி வைக்கிற வேலை என்னுடையது.

பெட்டி அளவு முடிவு பண்ணும் முன்னால் காகிதங்களை வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். இசைகுடிமானம் எந்த மடிப்பில் இருக்கிறதோ அதே மடிப்பில் உட்கார வேண்டும். பெட்டிக்குச் சேரவில்லை என்று புதிதாக ஒரு மடிப்புப் போட்டால் அந்த இடத்தில் கிழியும். தேவகோட்டைத் தம்பி சொன்ன அளவில் உள்ளே 254-க்கு 154 கிடைக்கும். காகிதம் அதைவிடப் பெரிது என்றால் பெட்டிதான் மாற வேண்டும். வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து உங்களிடம் ஒன்று, தங்கச்சியிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கம் வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அந்த வாடை வருஷக்கணக்கில் நிற்கும், காகிதத்துக்கும் ஆகாது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் மெல்லிசாக ஒரு கை, அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு. வெல்வெட் ஒட்டித் தருகிறேன் என்பார்கள். அந்தப் பசையும் சாயமும் வேண்டாம். கம்பளித் துணியில் கந்தகம் உண்டு, சிமிழ் கறுத்துப்போகும். கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். தேக்கு மரம் நேராகக் காகிதத்தில் படாமல், அமிலமில்லாத தாளில் உறை மாதிரி மடித்து ஒவ்வொரு கடுதாசியையும் தனியாக வையுங்கள். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு ஓரம் தடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அது உருண்டு காகிதத்தில் இடிக்கும்.

இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் தட்டி ஒரு சின்னத் துணிப்பையில் கட்டி மூலையில் போடுங்கள். பாச்சை உருண்டை போட்டால் அந்த வாசனை மரத்துக்குள் ஏறிவிடும், பிறகு போகாது.

ஒரு வேண்டுகோள். ஐயா கையெழுத்தை உங்கள் வீட்டில் இன்னும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், பெட்டியை மூடுவதற்கு முன்னால் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி எழுதி வைத்துவிடுங்கள். பழைய கணக்குக் குறியும் சுருக்கெழுத்தும் அடுத்த ஆட்களுக்குப் புரியாது. பெயர் எழுதாத படம், யார் யாருக்கு எழுதியது என்று தெரியாத கடுதாசி, இரண்டும் எங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. கேட்க ஆளில்லை.


பள்ளத்தூர் வளவு எழுதியது:

அண்ணன்மார்களுக்கும் ஆச்சிக்கும் ரொம்ப நன்றி. ஏணி போட்டு ஏறித் தடவிப் பார்த்தேன். கழனிவாசல் அண்ணன் சொன்ன அந்தச் செங்குத்து வெட்டு அப்படியே இருக்கிறது. தரையிலிருந்து இத்தனை வருஷம் பார்த்தும் இதழ் நடுவே குழிவாக இருக்கும் என்று தெரியாது. ஓரத் தாமரை ஒன்று நாலு இன்ச் அகலம், மூடிக்குச் சரியாக அமைகிறது. எல்லாம் அச்சுக்கு அச்சு ஒரே மாதிரி என்று நினைத்திருந்தேன், வரிசையில் ஒரு தாமரை கூட இன்னொன்றைப் போல் இல்லை. இடதுபக்கத்திலிருந்து மூன்றாவதில் ஒரு இதழ் கொஞ்சம் மடங்கினாற்போல் இருக்கிறது, அதையே எடுக்கிறேன்.

ஆத்தாவுக்கு லட்சுமி இல்லாதது மனக்குறை. தேவகோட்டை அண்ணன் சொன்ன காரணத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். இசைகுடிமானம் அளந்தேன், மடிப்போடு 230-க்கு 110, உள்ளே அடங்கும். கடுதாசிகளைப் படிக்கக் கண்டனூரில் இருக்கும் பெரிய அத்தையை அழைத்து வரப் போகிறேன்.

காந்தத்தில் நாலு இடம் இழுத்தது. எல்லாம் ஒரு முனைப் பக்கமாகவே இருக்கின்றன, அதை அடிப்பலகைக்கு ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. மூடியின் உள்பக்கம் அப்பத்தா, ஐயா பெயரும் ஊரும் தமிழில் செதுக்க வேண்டும். அதையும் மெஷினில் செய்யலாமா, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?


கழனிவாசல் ரவுட்டர் எழுதியது:

தாராளமாகச் செய்யலாம். அதற்கு வி-பிட் (முனை வி வடிவில் கூர்ந்தது). பெயருக்கு 90 டிகிரி கேளுங்கள், 60 வேண்டாம். கோடு 3 எம்எம் அகலம் என்றால் 90 டிகிரியில் ஒன்றரை எம்எம் ஆழம்தான் இறங்கும், 60-ல் இரண்டரைக்கு மேல் போகும். மேலே ஏற்கெனவே 6 எம்எம் தோண்டிய பலகை அது. மூடி 20 எம்எம் கனத்தில் நின்றால் பயமில்லை, ஆனாலும் தேவையில்லாமல் ஆழம் வேண்டாம். பூவுக்கு நேர் பின்னால் எழுத்து வராமல் கீழ் ஓரமாக வையுங்கள்.

எழுத்து உயரம் 12 எம்எம்முக்குக் குறையக் கூடாது. ண, ணை, ழ இவற்றின் சுழிக்குள் நிற்கிற மரத் துண்டு ரொம்பச் சின்னதாகிவிட்டால் பிய்ந்து வந்துவிடும், சுழி குழியாகிவிடும். கோடு முழுக்க ஒரே தடிமனாக உள்ள எழுத்துரு எடுங்கள். மென்பொருளில் சில எழுத்துருக்கள் கொம்பையும் துணைக்காலையும் இடம் மாற்றிப் போடும். ஓட்டுவதற்கு முன் திரையில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள், வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயாவின் கையெழுத்து ஏதாவது கடுதாசியின் கீழே தெளிவாக இருந்தால், அச்செழுத்துக்குப் பதிலாக அதையே ஸ்கேன் எடுத்துக் கோடாக மாற்றிப் போடலாம். அது எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஆணி உள்ள முனையை அடிப்பலகைக்கு ஒதுக்குவது சரிதான், ஆனால் பேண்ட்சாவில் பிளக்கும் முன் நாலையும் பிடுங்கிவிட வேண்டும். நுழைந்த பக்கமே திரும்ப வராவிட்டால் பின்பக்கத்திலிருந்து சின்ன உளியால் சுற்றித் தோண்டி எடுங்கள். பிடுங்கிய பிறகும் ஒருமுறை காந்தத்தை ஓட்டுங்கள்.

மாதிரி ஓட்டும்போது அதே பலகையின் கழிவுத் துண்டு ஒன்றில் ஓட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் ஓரத்தை அதற்காகத் தனியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தூசி மூக்கில் ஏறினால் தேக்கு எரிச்சல் கொடுக்கும், நின்று பார்க்கிற நேரம் மாஸ்க் போடுங்கள். முடிந்ததும் பூவில் உப்புத்தாள் படவே வேண்டாம். நைலான் பிரஷ் போட்டுத் தூள் தட்டி, அந்தச் செங்குத்து வெட்டுகளை மட்டும் தேவகோட்டைத் தம்பி மாதிரி ஒருவரிடம் கொடுத்துக் கூர் உளியால் ஒரு சுற்று எடுத்துவிடுங்கள். பிட்டின் நுனி உருண்டை, அடிக்கோணத்தை அது கூர்மையாக விடாது. அதன் பிறகு அரக்கு ஒரு கை, தேன்மெழுகு ஒரு கை. சீலர், மெலமைன் மாதிரி கடைப் பூச்சுகள் எல்லாம் பள்ளத்தில் தேங்கிவிடும்.


தேவகோட்டை இழைப்புளி எழுதியது:

உளி வேலைக்கு நான் இருக்கிறேன். செதுக்கிய பலகையைச் சட்டத்தில் ஏற்றும் முன் கொண்டு வாருங்கள், ஏற்றிய பிறகு ஓரத்து இதழுக்கு உளி சாய இடமிருக்காது. நிலையில் உள்ள அந்த மூன்றாவது தாமரையின் நேர்ப்படம் ஒன்றும், அதன் மேல் வெள்ளைத் தாள் வைத்துப் பென்சில் தேய்த்து எடுத்த பிரதி ஒன்றும் கூடவே வேண்டும். கார்த்திகைக்குள் வந்தால் நல்லது. அதற்கப்புறம் கல்யாண வேலைகள் வந்துவிடும்.